குப்பைக்கு ஒரு நகல்

மழை பெய்யும் மதியங்களில் எங்கள் அலுவலகம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும். ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரின் நிழல் மேசைகள்மேல் ஊர்ந்துபோகும். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் இது. நடைவழியின் கோடியில், துடைப்பமும் வாளியும் வைக்கும் அலமாரிக்கு அடுத்த அறையில் சர்வர் இருந்தது. எல்லோருடைய ஃபைல்களும் அதற்குள்தான். அதன் சீரான மூச்சு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளாக அந்த மூச்சுக்கு நடுவே ஒரு 'டிக்' சேர்ந்திருந்தது.

"நாத்தனாரே, உன் சர்வர் பல்லைக் கடிக்குது. ஏதாவது கெட்ட கனவு காணுதோ என்னவோ," என்றார் அண்ணி.

பகலில் நான் இங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன்; மாலையில் அதே வேலையை வகுப்பில் படிக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணிதான். என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே அவர் இங்கே வரைகிறார்.

முதலாளியை எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள், அவர் காதில் விழாதபடி. அவர் என்னை அழைத்து, "நகல் எடுக்கிற இந்த டேப் சமாசாரம் போதும்மா. ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்கணும்னா அது சுத்திச் சுத்தி நமக்குத் தலை சுத்துது. டிஸ்க்குலயே நகல் எடுக்கிற மாதிரி ஒரு திட்டம் போடு. வெள்ளிக்கிழமை புது சர்வர் வருது. பழசு வாடகைக்கு எடுத்தது. அன்னிக்குச் சாயங்காலமே ஆள் வந்து உள்ள இருக்கிறதை அழிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க," என்றார்.

திட்டம் போட்டேன். முதலில் ஒரு முழு நகல். பிறகு ஒவ்வொரு மாலையும் அன்று மாறியவை மட்டும். வாரம் ஒருமுறை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வேறு கட்டடத்தில் வைப்பது, தீப்பிடித்தாலும் தப்பிக்க. எழுதி முடித்ததும் திரும்பப் படித்தேன்; சரியாகத்தான் இருந்தது. பிறகும் ஒருமுறை படித்தேன். ஒரே சிக்கல், வாங்கிக் கொடுத்த டிஸ்க்கில் எல்லாம் கொள்ளவில்லை. சர்வரில் இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் மலைபோல் வளர்ந்திருந்தன. ஒன்றின் பெயர் 'இறுதி'. மற்றதன் பெயர் 'குப்பை'. எதை விடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை; திட்டத்தில் அதை எழுதக்கூடத் தோன்றவில்லை. பெரியவர் படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்த நாட்களில் என் கனவில் அடிக்கடி ஒரு படிக்கட்டு வந்தது. அண்ணி வரைந்துகொண்டிருந்த நூலகத்தின் படிக்கட்டு அது. ஆற்றோரத்தில் ஒரு சிறு நூலகம் கட்ட நகராட்சி போட்டி வைத்திருந்தது. "கிடைக்காத வேலைக்கு எதுக்கு நேரத்தைக் கொட்டணும்?" என்று பெரியவர் ஒதுக்கிவிட்டார். அண்ணி சாப்பாட்டு இடைவேளைகளில் வரைந்தார். உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு அகலமான படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் கொஞ்சம் ஆறு. கனவில் நான் ஏறிக்கொண்டே இருப்பேன், கால் வலிக்காது. திங்கட்கிழமை அதை அனுப்ப வேண்டும். வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கட்டடம் என்று அண்ணி சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பழைய சர்வரை நிறுத்தி, பெட்டியில் வைத்து ஒட்டி, பெரியவர் அறையில் கொண்டுபோய் வைத்தோம். 'டிக்' ஓய்ந்ததும் அலுவலகமே காது அடைத்ததுபோல் ஆயிற்று. நகலிலிருந்து எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு இறக்கினேன். எடுத்து வைத்தது நகல் ஆகாது, திரும்பக் கொண்டுவர முடிந்ததுதான் நகல் என்று வகுப்பில் சொல்வார்கள். அதனால் திறந்து பார்த்துச் சொல்லும்படி முதலில் அண்ணியை அழைத்தேன்.

திரையில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாம் முடிந்தவை, முத்திரை பெற்றவை. யாரும் குடிவராத ஊருக்குள் நடப்பதுபோல் இருந்தது.

"எல்லாம் இருக்கு," என்றார் அண்ணி. "என் படிக்கட்டு எங்க?"

"எதுல வச்சிருந்தீங்க?"

"குப்பையில."

மழைச் சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்டது.

"அண்ணி… குப்பையை நான் எடுக்கலை."

"விளையாடாத."

"பேரே குப்பைன்னு இருந்துச்சு அண்ணி."

"அட மக்கு! அதுக்குத்தானே அந்தப் பேரு! 'இறுதி'யில எதைப் போட்டாலும் பெரியவர் காலையில வந்ததும் திறந்து திருத்த ஆரம்பிச்சுடுவார். குப்பைன்னு எழுதியிருந்தா தொட மாட்டார். இங்க எல்லாரும் வேலை செய்யிறதே குப்பையிலதான். முடிஞ்ச பிறகுதான் 'இறுதி'க்குப் போகும்."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. எல்லாவற்றையும் அளந்தவள், யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

"பெரியவர் பெட்டியைத் திறக்க விட்டா எடுத்துடலாம்," என்றேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "எதுக்குன்னு கேட்பாரே? என்னன்னு சொல்லுவ? வேணாம்னு சொன்ன நூலகத்தை அவரோட மெஷின்லயே வரைஞ்சிருக்கேன்னா? என்னோடது மட்டுமா? எல்லாரோட குட்டும் உடையும்."

"சொல்லாட்டி படிக்கட்டு போயிடும் அண்ணி."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை விட்டார். "போ. பூனைக்கு மணி கட்ட நம்ம வீட்டுலதான் ஆள் இருக்கே."

பெரியவர் அறையில் விளக்கு போடவில்லை. பெட்டி அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதை வரும் வழியிலேயே மனத்துக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். வாயைத் திறந்ததும் வரிசை போயிற்று.

"சார், பழைய சர்வரை ஒரு தடவை ஓட விடணும். குப்பையையும் எடுக்கணும்."

"குப்பையையா? ஊர் உலகத்துல குப்பையை யாராவது காப்பாத்துவாங்களா?"

"'இறுதி'யில இருக்கிறது எல்லாம் காகிதத்துலயும் இருக்கு சார், அலமாரி அலமாரியா. குப்பையில இருக்கிறது வேற எங்கயும் இல்லை, பழைய டேப்புலயும் இல்லை. திட்டத்தை நான் தலைகீழாப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

யாருடையது, என்ன என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஆள் வந்து அழிச்சுட்டா, மொத்தமும் போயிடுமா?"

"மொத்தமும் போயிடும் சார்."

"உள்ள இருக்கிறதை யாரும் திறந்து பார்க்காம எடுக்க முடியுமா?"

"முடியும் சார். பெயர் மட்டும் திரையில ஓடும்."

அவர் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பெட்டியின் ஒட்டுநாடாவை அவரே வெட்டினார்.

சர்வர் உடனே எழவில்லை. இரண்டு 'டிக்', பிறகு நிசப்தம். வாசலில் அண்ணி வந்து நின்றார். தூங்குகிறவரை எழுப்புவதுபோல மெதுவாக நிறுத்தி, மெதுவாக மறுபடி போட்டேன். ஒரு பெருமூச்சு, விசிறி சுழன்றது.

புதிய சர்வருக்குப் பெயர்கள் போகத் தொடங்கின. தாழ்வாரம், மூன்றாம் முயற்சி. கூரை, சரியில்லை. பெயரிடாத பள்ளிக்கூடம். ஒருவருக்கும் தெரியாமல் இந்த அலுவலகம் இன்னொரு ஊரையே கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஊர் கம்பி வழியாக இடம் மாறிக்கொண்டிருந்தது, விளக்கும் ஜன்னலுமாக. பெரியவர் முதுகைக் காட்டியபடி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஒரு பெயர் வந்தது: 'எனக்கு ஒரு வீடு'. பக்கத்தில் உரியவர் பெயர். அது பெரியவருடையது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெயர் அதை மேலே தள்ளியது. நூலகம் வந்தது.

எடுக்க வந்தவர்கள் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். "இருக்கச் சொல்லுங்க, வேலை முடியலை," என்று பெரியவர் திரும்பாமலே குரல் கொடுத்தார். கடைசிப் பெயர் போனதும் பழைய சர்வர் ஒருமுறை 'டிக்' என்றது. நான் அதை அணைத்தேன்.

அண்ணி தன் மேசையில் நூலகத்தைத் திறந்தார். ஒவ்வொரு கோடாக, படிக்கட்டு கீழிருந்து மேலே ஏறி வந்தது. எல்லாத் திருப்பமும் இருந்தது. ஜன்னல்களும் இருந்தன. அண்ணி என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். வலித்தது, கனவு இல்லை.

"பெரியவர் என்ன சொன்னார்? யாரோடதுன்னு கேட்டாரா?"

"ஒண்ணும் கேட்கலை அண்ணி."

"நம்பவே முடியலையே. அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் உட்கார்ந்து திட்டத்தை மறுபடி எழுதினேன்: ஒவ்வொரு மாலையும் முதலில் குப்பை, இடம் மிஞ்சினால் 'இறுதி'. திரும்பப் படித்தேன். சரியா என்று இன்னும் நிச்சயமில்லை. நாளை எல்லோரையும் கேட்க வேண்டும். அதுவரை எங்கே வைப்பது என்று யோசித்து, குப்பைக்குள் என் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினேன்.