மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு

எடப்பாடி கலையரங்கின் புது விளக்குகளை விழாக் குழுத் தலைவர் மயில்சாமி பத்தரைக்குள் தொடங்கிவைத்தாக வேண்டும். அதற்குப் பிறகு ராகுகாலம். மாலையும் மேளமும் சூழ, அவர் பொத்தானை அமுக்கினார். ஒரு விளக்கும் எரியவில்லை. பழக்கிவைத்தபடி கூட்டம் மட்டும் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியைத் திறந்து, கருகிப்போன ஒயரை மாற்றிக்கொண்டிருந்தாள் எலக்ட்ரீஷியன் தனப்பிரியா. மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டிருந்தாள். சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

தலைவர் மாலையோடும் ஆட்களோடும் வந்து நின்றார். "சாவியக் குடு அம்மிணி. மத்த லைட்டு எரியட்டும். நீ பாக்கறதுக்கு மட்டும் டிம்மரச் சுத்தமா எறக்கிக்க."

"எறக்குனா லைட்டுதானுங்க அணையும். பொட்டிக்குள்ள கரண்டு அப்படியேதான் இருக்கும்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியுங்க. கரண்டுக்குத்தான் தெரியாது."

"டேய், அந்தப் பூட்ட ஒடைங்கடா!"

"தாராளமா ஒடைங்க. நான் எந்திரிச்சுக்கறேன், நீங்க கைய உள்ள வெச்சுக்கிட்டு ஒடைக்கச் சொல்லுங்க."

ஐந்து மோதிரம் போட்ட தன் கையைத் தலைவர் ஒருமுறை பார்த்தார். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

ராகுகாலம் பிறந்தது. அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, மூடியை மாட்டி, அதன்பிறகே பூட்டைத் திறந்து மெயின் சுவிட்சை ஏற்றினாள்.

"இப்ப அமுக்குங்க."

பின்னால் போன கை முன்னால் வரவே இல்லை. "நீயே போட்டுரு அம்மிணி."

நல்ல ராகுகாலத்தில் அவளே போட்டாள். மேடை பளீரென்றது. இந்தக் கைதட்டலை யாரும் பழக்கியிருக்கவில்லை.