பனிக்கு மட்டும் நிற்கும் ஜீப்

பாக்கியலட்சுமிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். அந்தச் சனிக்கிழமை ராமாபுரம் பக்கத்திலிருந்து மைசூர் ஹெப்பாள் வரை தன்னந்தனியாக ஜீப் ஓட்டி வந்தவள், பட்டறை வாசலில் இறங்கியதும் சாவியை ரவிக்குமாரின் கையில் திணித்து இரண்டே வாக்கியத்தில் வழக்கை முடிக்கப் பார்த்தாள்.

"நீங்க மாட்டுன கேஸ் கிட்டைக் கழட்டிருங்கண்ணா. வேண்டாம்."

ரவிக்குமார் சாவியைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான். பாக்கியலட்சுமியைவிட இரண்டு வயதுதான் இளைய பெட்ரோல் ஜீப் அது. போன வருடம் அதற்குக் கேஸ் பொருத்திக் கொடுத்தவன் அவன்தான்.

"கழட்டிட்டா பெட்ரோல் போட்டுக் கட்டுப்படி ஆகுமா அக்கா?"

ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். காட்டுக்குள் இருக்கும் நெல்லித்தொட்டியிலிருந்து பதினோரு பிள்ளைகளைத் தினமும் ராமாபுரம் பள்ளிக்கூடத்துக்கு இறக்கி ஏற்றுகிற ஜீப் அது. அந்தப் பாதையில் பஸ் கிடையாது. பெட்ரோலில் ஓட்டி நொடித்துப்போய், நிறுத்திவிடலாம் என்று இருந்தபோதுதான் கேஸுக்கு மாற்றினாள்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு மாதமாக ஜீப் மேட்டில் திக்குகிறது, குமுறுகிறது, டப்பென்று வெடித்து நின்றுவிடுகிறது. கடைசியாக நின்றது புளியமரத்து வளைவில். பிரேக் பிடிப்பதற்குள் பின்னால் உருண்டு, பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. அன்று சாயந்தரமே, வண்டியில் வரும் பூங்குழலியின் அம்மா கௌரம்மா வீடு தேடி வந்துவிட்டாள். இன்னொரு தடவை வண்டி நின்றால் பெண் படித்தது போதும், பெங்களூர் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பூங்குழலி பத்தாம் வகுப்பு. வகுப்பில் முதல் மார்க் அவளுடையதுதான். தீபாவளி லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"ராமாபுரத்துலயும் காட்டுனேன், கொள்ளேகால்லயும் காட்டுனேன். ரெண்டு பேரும் கேஸ் கிட் மேலதான் குத்தம் சொன்னாங்க. ஓஸ் மாத்தியாச்சு, பில்டர் மாத்தியாச்சு. நின்ன வண்டி நின்னுட்டுத்தான் இருக்குது."

தன் வேலையை ஊர் ஊராகக் குறை சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டும் ரவிக்குமார் முகம் சுளிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தான். கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். ஒரு குமிழியும் வரவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளியைச் சரிபார்த்தான். கேஸை ஆவியாக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், சூடு சரியாக இருந்தது. கடைசியில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாமுண்டி மலைக்கே ஓட்டிக்கொண்டு போனான். நடு மத்தியானம், நல்ல வெயில். ஜீப் ஒரு திக்கல் திக்காமல் உச்சி வரைக்கும் ஏறியது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நின்றுபோகும் இருமல் மாதிரி இருந்தது பாக்கியலட்சுமிக்கு. அவமானத்தில் காது சூடானது. பொய் சொல்லிக்கொண்டு வந்தவள் என்றுதானே இந்த மனிதன் நினைப்பான்?

அவன் அப்படி நினைக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் ஒரு டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நோடி, பாருங்க அக்கா, நிக்கறப்போ மணி எத்தனை இருக்கும்?"

அவள் யோசித்தாள். "காலைல ஏழு. பனி இறங்கற நேரம். மழை பேஞ்சாலும் நிக்கும். சாயந்தரம் வெயில் காஞ்சா நிக்கறதில்லீங்க."

"அப்போ பெட்ரோலுக்கு மாத்துனா?"

"தட்டுத்தடுமாறிப் போயிரும்."

ரவிக்குமார் எழுந்தான். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து, கேஸில் எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வோர் இடமாகப் பனி போலத் தெளித்தான். கரண்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலில் தெளித்தான், ஒன்றும் இல்லை. வயர்களில் தெளித்தான், ஒன்றும் இல்லை. நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடி ஒன்று உண்டு. அதன் அடிவிளிம்பில் தெளித்ததும் எஞ்சின் குமுறி, டப்பென்று வெடித்து நின்றது. புளியமரத்து வளைவில் கேட்ட அதே சத்தம். பாக்கியலட்சுமி டீயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

இரண்டு கிளிப்புகளைத் தள்ளி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான் ரவிக்குமார். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அப்படியே அவளிடம் நீட்டினான்.

மூடியின் உள்பக்கம் மூன்று விபூதிப் பட்டை. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அவற்றின் குறுக்கே பென்சிலால் கிழித்தது போல ஒரு கருகிய கோடு.

பாக்கியலட்சுமி பட்டறையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆடி மாதம் காட்டாற்றில் திடீரென்று வெள்ளம் வந்த அன்று, ஜீப் நட்டாற்றில் இருந்தது. பதினோரு பிள்ளைகளும் உள்ளே. தண்ணீர் கால்மிதி வரை ஏறியது. எஞ்சின் மூச்சுத் திணறியது, ஆனால் நிற்கவில்லை. முக்கி முனகி அக்கரை ஏறிவிட்டது. அன்றைக்கு அது நின்றிருந்தால் ஒரு பிள்ளையும் மிஞ்சியிருக்காது. அந்த நன்றிக்கடனை எப்படியாவது தீர்க்க வேண்டும் என்று இருந்தாள். ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் பானெட்டிலும் சக்கரத்திலும் பொட்டு வைத்தார்கள். வெளித் தகரத்துக்கு வைத்து என்ன ஆகப் போகிறது, வேலை செய்தது உள்ளே இருப்பதல்லவா என்று பட்டது அவளுக்கு. நெருப்பு பிறக்கிற இடம் இதுதான் என்று எப்போதோ ஒரு மெக்கானிக் காட்டியிருந்தான். இரண்டே கிளிப். தானே திறந்து, மாதேஸ்வரன் மலையிலிருந்து கொண்டுவந்த விபூதியைக் குழைத்து அழகாகப் பூசி, மூடி, கற்பூரம் காட்டினாள். அன்றோடு தொடங்கியது ஜீப்புக்கு நோய். அப்புறம் பார்த்தவர்களெல்லாம் கேஸ் கிட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, இந்த மூடியைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"விபூதி ஈரத்தை இழுக்கும் அக்கா. ஈரமானா கரண்ட் பிளக்குக்குப் போகாம இந்தக் கோட்டு வழியா ஓடிரும். கேஸுக்குப் பெட்ரோலைவிட பலமான பொறி வேணும். அதான் பெட்ரோல்ல தாக்குப் பிடிச்சுது, கேஸ்ல நின்னுது."

"பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தேனேண்ணா." அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களை வேற தப்புத்தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"இதெல்லாம் கிட் மாட்டறப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்பும் இருக்கு." அவன் அலமாரியில் துழாவிப் புது மூடி ஒன்றை எடுத்தான். "வேற யாரா இருந்தாலும் கிட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஊர் பூரா என்னைத் திட்டியிருப்பாங்க. நீங்க இவ்ளோ தூரம் என்கிட்டயே வந்தீங்க. அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

புது மூடி, புது வயர்கள் மாட்டி மறுபடியும் தண்ணீர் தெளித்தான். எஞ்சின் திக்கவில்லை, ஒரே சீராக ஓடியது. பழைய மூடியை அவன் குப்பையில் போடவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து அவள் கையில் கொடுத்தான். சாமி இருந்த இடம் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அதற்காகவே அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள் பாக்கியலட்சுமி.

திங்கட்கிழமை காலை நெல்லித்தொட்டியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத பனி. பிள்ளைகளோடு கௌரம்மாவும் ஏறிப் பின்சீட்டில் மகளை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டாள். வண்டியின் யோக்கியதையைத் தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று வந்திருந்தாள்.

புளியமரத்து வளைவு வந்தது. பதினோரு பிள்ளைகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த டப் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். பாக்கியலட்சுமி கியரைக் குறைத்தாள். ஜீப் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. மேடு முடிந்து இறக்கம் வந்த பிறகுதான் எல்லோருக்கும் அது புரிந்தது. யாரோ ஒரு பொடியன் முதலில் சிரித்தான்.

பள்ளிக்கூட வாசலில் பூங்குழலி பையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். கௌரம்மா அவள் மறையும் வரை பார்த்துவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பாக்கியலட்சுமி பதறிப்போய் பானெட்டின் மேல் கையை வைத்து மறித்தாள்.

"வண்டிக்கு வேண்டாம்க்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வண்டிக்குன்னு ஆரு சொன்னாங்க?" என்றாள் கௌரம்மா. "நீ தலையக் குனி."