ஊத்தை ஐஸ்

...கரையவில்லை, கரையவேயில்லை, அதுதான் வேடிக்கை, ரெஜிஃபோம் பெட்டி நிறைய வெள்ளை வெளேரென்று ஐஸ், வெட்டி அடுக்கி, மேலே சாக்கும் போட்டு... ஆனால் இது அவளுடையது இல்லை. ஸபீனா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஐஸ் கம்பனி பஸ்தியான் அங்கிள் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "அது ஊத்தை ஐஸ் மகள், அடியெல்லாம் சேறு. மீனுக்கே போடமாட்டம். காலைலதான் கானுக்குள்ள கொட்டிட்டு நல்லதா நிரப்பி வச்சன்." யா அல்லாஹ், அந்தச் சேறுதானே எல்லாம்! பனியாற்றின் அடியில், பாறையை உரசி மண்ணை அள்ளிக்கொண்டு உறைந்த ஐஸ், ஆயிரக்கணக்கான வருஷம் வெளிச்சம் காணாமல், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த மண்ணைத் தின்றே கிடந்தன, சாகாமல்... நோர்வேயிலிருந்து பேராசிரியர் அனுப்பிய ஒரேயொரு துண்டு, இனி அனுப்பமாட்டார். கொழும்பு ஆய்வுகூடத்தில் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை, டீசலும் இல்லை, கற்பிட்டி ஐஸ் கம்பனியில் ஜெனரேட்டர் ஓடுது மகள் என்று வாப்பா சொன்னதை நம்பி மரக்கறி லொறியில் ஏறி ஓடிவந்து நேற்றிரவு பெட்டியை இங்கே வைத்துவிட்டுப் போனாளே... நான்கு வருஷப் படிப்பு, சாக்கடைக் கானுக்குள். போச்சு, எல்லாம் போச்சு.

யாரைக் கோபிப்பது? அவர் பாவம், நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறார். "ஐஸ் கரையக் கூடாது அங்கிள்" என்று மட்டும்தானே சொன்னாள், அந்த மண்தான் வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? வெட்கம். இவ்வளவு காலமும் படிச்சது ஊத்தையப் பாக்கவா என்று உம்மா கேட்க, ஸுலைஹா மாமி வாயைப் பொத்திச் சிரித்த நாளிலிருந்து, ஐஸைப் பற்றிப் படிக்கிறேன் என்றே சொல்லிப் பழகிவிட்டது. கெம்பஸில் எந்த ஊர் என்று கேட்டவர்களிடமும் அப்படித்தான், புத்தளம் என்பாள், தொண்ணூறில் புலிகள் விரட்ட வாப்பா மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்ததையோ, தான் பிறந்த கரைத்தீவு அகதி முகாமையோ சொன்னதேயில்லை, முகாம் என்ற சொல்லுக்கும் இதே நாக்குத்தான் கூசியது...

கானை எட்டிப் பார்த்தாள். வெயிலில் கொதிக்கும் மீன் கழுவிய தண்ணீர், செதில், கறுத்த சேறு. இதில் எது அவளுடையது? இந்தச் சூட்டில் ஒன்றாவது உயிரோடு இருக்குமா, இருந்தாலும் எப்படிப் பிரித்தெடுப்பது... "என்ன மகள் தேடுறீங்க, ஏதும் விழுந்திட்டா?" இப்போதாவது சொல்லு, அழுதாவது சொல்லிவிடு ஸபீனா. "இல்ல அங்கிள்," என்றாள், "அது சும்மா ஊத்தைதானே." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, ஸுலைஹா மாமி மாதிரியே...