கசந்த தீவனம்

எலிகளை அறுத்துப் பார்த்த அன்று ஆராய்ச்சிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. திராட்சை விதைப் பொடி கலந்த தீவனம் தின்ற எலிகளுக்குப் புற்றுக்கட்டி பாதிகூட இல்லை. வெறும் தீவனம் தின்றவற்றுக்கோ கட்டிக்கு மேல் கட்டி. விதையிலிருந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து ஜெயித்துவிட்டது! சும்மா இருப்பாளா? உடனே அக்காவுக்குப் போன். மார்பில் கட்டியை எடுத்து, மருந்தேற்றி முடித்து வீடு திரும்பியிருந்த அக்கா, அதே விதைச் சத்து மாத்திரையை வாங்கி விழுங்கத் தொடங்கினாள்.

ஒன்று மட்டும் இவளை அரித்துக்கொண்டே இருந்தது. பொடி தின்ற எலிகள் எல்லாம் ஏன் ஒல்லிப்பிச்சான்களாக இருந்தன?

அதே பொடித் தீவனம் தின்னும் அடுத்த தொகுதி எலிகளின் கூண்டு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஓர் எலி தீவனத்தைக் கவ்வியது, கொறித்தது, மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு கீழே தள்ளியது. கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளைக் கிளறினால், அடியில் அத்தனையும் தீவனத் தூள்! தினமும் தட்டைத்தான் எடை போட்டார்கள். தட்டில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குள் போனதாகக் கணக்கு. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏய், எலி சாப்பாட்டையா திங்கிற?" என்று பதறினாள் கூட வேலை பார்ப்பவள்.

"சீ, என்னா கசப்பு! இதுங்க அரை வயித்துக்குத்தான் தின்னிருக்கு."

"பட்டினி போட்டாலே எலிக்குக் கட்டி குறையுமே. அப்போ காப்பாத்துனது பொடியா, பட்டினியா?"

"தெரியலையே. வெறும் தீவனத்தையும் இதே அளவுக்குக் குறைச்சுப் போட்டுப் பாக்கணும்."

சொல்லி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள். போன வாரம் அக்கா சிரித்தாளே, துணியெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டதாக!

கதவைத் திறந்த அக்காவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிடுறியாக்கா?"

"பேஷா. தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எந்திரிக்கிறேன், உங்க மாமாவைக் கேளு."

இவள் அடுப்படிக்குப் போய்க் குப்பைத்தொட்டியின் மூடியைத் தூக்கினாள். மேலே பழைய செய்தித்தாள். அதை விலக்கினால், மதியச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

"என்னக்கா இது?"

அக்கா தலைகுனிந்தாள். "அந்த மாத்திரை போட்டதுலேருந்து எதைத் தின்னாலும் குமட்டுதுடி. சொன்னா நிறுத்தச் சொல்லிடுவியோன்னு பயம். நீ பரிசோதனை பண்ணிப் பாத்ததாச்சே."

இவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எலியையே நான் சரியாப் பாக்கலக்கா."