ராட்சதப் பல்லியை எழுதியவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மண்டையில் முளைத்ததல்ல. ஆதிகால மிருகங்கள் ஊருக்குள் புகுந்து மிதித்துத் துவைக்கும் பழைய திகில் நாவல்களைத் தேடி, கள்ளக்குறிச்சியில் சாதுல்லா பாயின் பழைய பேப்பர் கடையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒன்று சிக்கியது: ‘கோமுகி ராட்சதன்’, 1966. அட்டையில் பஸ் பெரிசுக்கு ஒரு பல்லி. ‘டாக்டர் வஜ்ரவேல்’ என்ற பெயரை நீல மையில் அடித்து, கீழே ‘இருசம்மாள்’ என்று எழுதியிருந்தது.

“இது யாரு பாய்?”

பாய் சொன்னதுதான் கதை. [அவர் சொல்லாததை இப்படி அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.]

2

தொடக்கம்: ‘வானம் இருண்டது. மலைமேல் ஓர் உறுமல்—’ வேண்டாம், இது வஜ்ரவேல் நடை. நேராகவே சொல்கிறேன்.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய நாள். பண்ருட்டியிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிய பஸ் திருநாவலூர் தாண்டியதும் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருசம்மாள் இருந்தாள். நாற்பத்திரண்டு வயது, சத்துணவு அமைப்பாளர், வெள்ளிமலையில் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தவரின் மகள். பக்கத்து சீட்டில் பழைய புத்தகக் கட்டோடு சாதுல்லா.

உச்சி வெயில். பயணிகளும் மறியல்காரர்களும் ஒரே மர நிழலில் ஒதுங்கினார்கள். பொழுது போகட்டுமென்று பாய் கட்டைப் பிரித்தார். மறியலுக்கு வந்த கொளஞ்சியப்பன் ஒரு நாவலை எடுத்து உரக்கப் படித்தான். குகையிலிருந்து பல்லி இறங்கியது. கோமுகி அணைக்கரையை மிதித்தது. சந்தைக்குள் வாலைச் சுழற்றியது. அவன் ஒரு வரி படித்தால், அடுத்த வரி இருசம்மாளின் உதட்டில் வந்து நின்றது.

கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம்.

“அடப்பாவி, முடிவைக் கிழிச்சிக்கினு போயிட்டானுங்களே!” என்றான் கொளஞ்சியப்பன்.

“நான் சொல்றேன் தம்பி,” என்றாள் இருசம்மாள்.

“நீ படிச்சிருக்கியா யக்கா?”

“எழுதனவளே நான்தான்.”

நிழலே குலுங்கச் சிரித்தார்கள்.

3

[இங்கே எனக்கும் சந்தேகம். இருபத்தொரு வயது மலைக்காட்டுப் பெண்ணா இதை எழுதியிருப்பாள்? அவள் பொய் சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். சிரித்தவர்களோடு நானும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கிழித்துவிட்டேன்.]

சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு அவள் ஆரம்பித்தாள். பல்லி ஊரை அழிக்க வரவில்லை. அணைத் தண்ணீரில் குகை மூழ்கிவிட, இருக்க இடம் தேடி வந்தது. சுட வந்த ராணுவத்தைச் சந்தைக்காரிகள் மறித்துக்கொண்டு நிற்க, அது மெல்ல மலையேறிப் போனது. சொல்லி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

“அப்ப ஏன் யக்கா உன் பேரு இல்ல?” என்றான் கொளஞ்சியப்பன்.

“பொம்பள பேரு போட்டா விக்காதுன்னு புக்கு போடறவரு கடுதாசி எழுதனாரு. மூணு புக்கு. மூணுலயும் அந்த டாக்டரு பேருதான்.”

“நீ கேக்கலயா?”

“கல்யாணம் ஆச்சி. நோட்டுங்கள அடுப்புல போட்டாங்க. அப்புறம் யாராண்ட போய்க் கேக்கறது?”

“எங்க பங்கைக் கேட்டு நாங்க ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். உன் பேரைக் கேக்காம நீ இருவது வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?”

சுருக்கென்றது அவளுக்கு. அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கி, அட்டையில் ஒரு பெயரை அடித்தாள், ஒரு பெயரை எழுதினாள். புத்தகத்தைப் பாயிடமே நீட்டினாள்.

“இது உங்களாண்டயே இருக்கட்டும் பாய். யாருன்னா கேட்டா சொல்லுங்க.”

“நீ இன்னாம்மா பண்ணப் போற?”

“மெட்ராஸ் போறேன்.”

4

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே கிளம்பிவிட்டாள். பாய்தான் ஏற்றிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

[இனி எல்லாம் என்னுடையது. அடைப்புக்குறியை மூடப் போவதில்லை.

ஒரு முடிவு: பதிப்பாளர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். இனிக்கிறது, நம்பத்தான் முடியவில்லை.

இன்னொன்று: வாட்ச்மேன் அதட்ட, அவள் தலைகுனிந்து திரும்பி— மாட்டேன். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: “மொதலாளி இல்ல, அப்புறம் வா” என்கிறார்கள். “வர்ற வரைக்கும் இங்கியே இருக்கேன்” என்று அலுவலகப் படியின் நடுவில் உட்காருகிறாள். போகிறவர், வருகிறவர் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மணி நாலு. உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

வெளியே வரும் முதலாளியின் முகத்தை எழுத எத்தனையோ முறை முயன்றேன், பிடிபடவில்லை. அதனால் அவர் இடத்துக்கு நீங்கள் வாருங்கள். கதவைத் திறங்கள்.

அவள் எழுந்து நிற்கிறாள்.

“என் பேரு இருசம்மாளுங்க.”

பதில் சொல்லுங்கள்.