மூன்று புள்ளிப் புளுகுணி

கேமராவின் சின்னத் திரை அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது. அதன் கீழே, அணைக்கக் கூடாது, பேட்டரியைக் கழற்றக் கூடாது என்று எச்சரிக்கை. அவள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள். புது லென்ஸை ஏற்க கேமரா அடம்பிடித்ததால் அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பதினொரு மணிக்கு ஆலைத் தொழிலாளர் இருநூறு பேரையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும். அண்ணனின் ஸ்டுடியோவை விட்டு வந்தபின் அவளே பேசிப் பிடித்த முதல் வேலை.

பேட்டரிக் குறி சிவப்பாகச் சிமிட்டியது.

போட்டபோது நிறைந்திருப்பதாகக் காட்டிய பேட்டரி. அவளிடம் இருந்த மூன்றும் ஒரே அச்சு என்பதால் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தாள். ஒரு புள்ளி நல்லது. இரண்டு, கிழடு. மூன்று, புளுகுணி, நிறைந்தது போல நடித்துப் பாதி வழியில் கவிழ்த்துவிடும். நல்லது எப்போதும் பெட்டியில் முதலாவதாக இருக்கும் என்று அவசரத்தில் பார்க்காமலே எடுத்துவிட்டாள். இப்போது மற்ற இரண்டையும் புரட்டினாள். இரண்டிலும் புள்ளியே இல்லை.

"இதத் தொடச்சீங்களா?"

"கறையா இருந்துச்சும்மா. ஸ்பிரிட் போட்டு..." பாராட்டை எதிர்பார்த்த கணவனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நல்லாத் தொடச்சீங்க. என் பொழப்பையும் சேத்து."

திரை அணைந்தது. புதுப்பிப்பு பாதியில் அறுந்துபோனதால், வேறு பேட்டரி போட்டும் கேமரா கண் திறக்கவில்லை. அவன் அடுத்த அறைக்குப் போய் அவள் அண்ணனை அழைத்துப் பேசிவிட்டு, போனோடு திரும்பி வந்து நீட்டினான்.

"ஆள அனுப்புறேன், என் கேமராவோட," என்றார் அண்ணன். "நீ வரிசையச் சரி பண்ணிக் குடு, போதும். ஆழம் தெரியாம கால விடாதேன்னு அப்பவே சொன்னேன்."

ஒன்பது வருடம் அவள் செய்தது அதுதான். வரிசையைச் சரி செய்தாள். படத்தின் கீழே அவர் பெயர் விழுந்தது.

"ஆழம் இப்பத் தெரிஞ்சிடுச்சுண்ணே. இடுப்பளவுதான். நடந்தே போயிக்கிறேன்."

பீரோவிலிருந்து தன் முதல் கேமராவை எடுத்தாள். கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல் நாலு போட்டால் ஓடும். ஆனால் அதன் பார்வை குறுகல். ஆலை முற்றத்தின் கடைசிவரை பின்னால் போனாலும் நூறு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள்.

பின்னால் போக இடமில்லை என்றால் மேலே போகலாம். பதினொரு மணிக்கு ஆலை முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி, இருநூறு பேரையும் கீழே நெருக்கி நிற்க வைத்தாள்.

"அம்மா, விழுந்து கிழுந்து வச்சிடாதீங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"விழுந்தா நாங்க எதுக்கு இருக்கோம்? நீ எடுக்கா!" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. முற்றமே சிரித்தது.

அப்போது வாசலில் கறுப்புப் பையோடு ஒருவர் வந்து நின்றார். "அக்கா, அண்ணன் அனுப்பினாரு."

"வந்துட்டீங்களா? கடைசி வரிசையில எடம் இருக்கு. நில்லுங்க."

அவர் தயங்கினார். பிறகு பையைக் காலடியில் வைத்துவிட்டு முகத்தை உயர்த்தினார். எல்லா முகங்களும் அவளைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. பேட்டரிக் குறியின் பக்கம் அவள் பார்வை போகவில்லை. விரல் பாதி அழுத்தியிருந்தது.