இருநூறு எழுத்தில் ஒரு புகார்

1

இந்தக் கதையை நான் முதலில் எழுதியது கதையாக அல்ல, புகாராக. இணைய விற்பனைத் தளம் ஒன்றில், பொருளின் படத்துக்குக் கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் 'புகார்' என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும். இருநூறு எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளாது.

எழுதச் சொன்னவர் ஜெயமேரி அக்கா. மலாக்காவின் மஸ்ஜித் தானாவில் எங்கள் தாமான் குடியிருப்பில், எனக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். ரெம்பியா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரிகளுக்கு எடை போடும் இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. நான் நளினி. சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகை நிறுவனத்தில் கோப்பு பார்க்கிறேன். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன்.

"ஒனக்குத்தான் எழுத வருமே," என்றார் அக்கா. "எனக்கு நம்பர்தான் வரும்லா."

2

தொடக்கம் மட்டும் நான்கு எழுதினேன். மூன்றைக் கிழித்துவிட்டேன். கிழித்ததில் ஒன்று இது:

'மழை விட்ட மாலையில், ஜெயமேரி அந்த வெள்ளிக் காசை உள்ளங்கையில் ஏந்தியபடி, கண்கள் கலங்க—'

மழை இல்லை. மாலை இல்லை, ஞாயிறு காலை, பூசை முடிந்த நேரம். காசு உள்ளங்கையிலும் இல்லை. மைலோ டின் மூடியில் இருந்தது. கண்ணும் கலங்கவில்லை. அக்கா நல்ல பசியில் இருந்தார். நான் சுட்ட தோசையில் மூன்றைத் தின்றுவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தார்.

விஷயம் இதுதான். அக்காவின் ஞானமகள் ஜோனிட்டாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் நாள். ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அண்ணன் மார்வினுக்குப் புதுநன்மை நடந்தபோது அக்கா ஓர் அவுன்ஸ் வெள்ளிக் காசு கொடுத்திருந்தார். தங்கைக்கும் அதே மாதிரி ஒன்றைத் தளத்தில் வாங்கினார். கடை விலையைவிட இருபது வெள்ளி குறைவு. ஐந்து நட்சத்திரக் கடை. முந்நூற்று நாற்பத்தொன்று விற்றிருப்பதாகப் போட்டிருந்தது.

[எங்கள் ஊரில் ரிங்கிட்டுக்கும் வெள்ளி என்றுதான் பெயர். இந்தக் கதையில் எது பணம், எது உலோகம் என்று குழம்பினால் மன்னியுங்கள். விற்றவனும் அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் பிழைத்தான்.]

காசு வந்ததும் அக்கா எடை போட்டார். முப்பத்தொன்று புள்ளி ஒன்று கிராம். மிகச் சரி. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

"எடை சரியா இருந்தா சாமான் சரின்னு அர்த்தம் இல்ல நளினி. செம்பனைக் குலைக்கு அடியில கல்லப் போட்டு வர்ற லோரியும் எடை காட்டத்தான் செய்யும்."

மார்வினின் காசை இரவல் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். எடை ஒன்றே. ஆனால் புதியது ஒரு மயிரிழை தடிப்பு.

என் சமையலறையிலேயே செய்து காட்டினார். சின்னத் தராசின் மேல் தண்ணீர் டம்ளர். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல், தண்ணீருக்குள் தொங்கவிட்டார். மார்வினின் காசுக்குத் தராசு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. ஜோனிட்டாவின் காசுக்கு மூன்றரை.

"அதே எடைக்குக் கூட எடம் புடிக்குது. அப்ப வெள்ளி இல்ல. பித்தளையோ என்னமோ, மேல பூச்சு."

என் தோசைக்கல் கருகிக்கொண்டிருந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

3

இங்கே கதை முடிந்திருக்கலாம். உண்மையாகவே முடிந்திருக்கும். அக்கா கடைக்காரனுக்குச் செய்தி அனுப்பியதும், பத்து நிமிடத்தில் மொத்தப் பணமும் திரும்பி வந்தது. காசையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து எங்கும் எழுதாதீர்கள் என்று பணிவான செய்தி வேறு. மறுநாள் அக்கா அலோர் காஜாவில் நகைக்கடைக்கு நேரில் போய், தராசையும் கூடக் கொண்டுபோய், நல்ல காசு ஒன்று வாங்கினார். ஜோனிட்டாவின் புதுநன்மை குறையில்லாமல் நடந்தது. கோழி பிரியாணி நன்றாக இருந்தது.

"காசுதான் வந்துருச்சே அக்கா. விட்டுருங்க," என்றேன்.

"எனக்கு வந்துருச்சு. மத்த முந்நூத்து நாப்பது பேருக்கு?"

[கதாபாத்திரத்தைப் பற்றி எனக்கு முதல் சந்தேகம் வந்தது இங்கேதான். இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவார்களா? ஒரு பழைய காயம் கொடுக்கலாமா? சின்ன வயதில் ஏமாந்த கதை ஏதாவது? கேட்டுப் பார்த்தேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லலா. தப்பான எடைய எழுதி வச்சா எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்.]

ஆக, இருநூறு எழுத்தில் முதல் புகாரை மலாயில் எழுதினோம். மூன்று நாளில் பதில் வந்தது: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை.

4

இரண்டாவது புகாரில் நான் என் தொழிலைக் காட்டினேன். 'புதுநன்மை நாளில் ஏமாந்த சிறுமி கதறி அழுதாள்' என்று எழுதினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுத்து. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா படித்துவிட்டு ஃபோனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஜோனிட்டா எப்ப அழுதா?"

"அழல. ஆனா இப்படி எழுதுனாத்தான் பாப்பாங்க அக்கா."

"போலியப் புடிச்சுக் குடுக்கப் போயி நாம ஒரு போலியப் போடறதா? எடுத்துடு."

எடுத்தேன். அந்தப் புகாரில் கடைசியில் இருந்தவை எடை, தண்ணீரில் வந்த எண், இரண்டு காசும் பக்கம் பக்கமாக உள்ள படம். வறண்ட புகார். அதுவும் நிராகரிக்கப்பட்டது. அன்று எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்பத் திருப்தி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அதே வாரம் அந்தக் கடையில் புதிதாக ஒரு காசு வந்தது. பிரிட்டிஷ் காலத்து ஒரு டாலர் வெள்ளி. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட் ராஜாவின் தலை. மறுபக்கம் வருஷம், 1915. அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஃபோன் அடித்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"ராஜா செத்ததே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துலலா! செத்து அஞ்சு வருஷம் கழிச்சு தலையக் குடுத்திருக்காரு!"

மூன்றாவது புகார் அந்த ராஜாவைப் பற்றியது. எழுத நாற்பது எழுத்துகூடத் தேவைப்படவில்லை. பதில்: விதிமீறல் எதுவும் இல்லை.

5

பிறகு அக்கா செய்ததை என்னிடம் கேட்காமல் செய்தார். வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்தில், ஒரு நட்சத்திரம் கொடுத்து, யாரும் தங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறையைப் படத்தோடு போட்டுவிட்டார். டம்ளர், நூல், தராசு. திட்டு ஒன்றும் இல்லை. கடைசி வரி: 'நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே தொங்கவிட்டுப் பாருங்கள்.'

[நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.]

கடைக்காரனின் பணிவு போய்விட்டது. வக்கீல் நோட்டீஸ் வரும், அவதூறு வழக்கு வரும், இருபத்து நான்கு மணி நேரத்தில் நீக்கு என்று செய்தி. அதைப் படித்துப் பயந்துபோனேன். புகார்களில் என் எழுத்து இருக்கிறதே! நீக்கிவிடச் சொன்னேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் தைரியசாலியாகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. அக்கா இதைப் படிப்பார் என்பதால் அதை நீக்கிவிட்டேன்.

அக்காவும் பயந்தார். அதை மறைக்கவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு, மலாக்கா டவுனில் பயனீட்டாளர் புகார் வாங்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி இளம் மலாய்ப் பெண். பொறுமையாகக் கேட்டார், ஆனால் முகத்தில் சந்தேகம். அக்கா பையைத் திறந்து தராசை வெளியே எடுத்து, "புவான், ஆயிர் சிக்கிட்?" என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மேசை மேலேயே நடந்தது. இரண்டு காசும் தொங்கின. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அதிகாரி எண்களை எழுதிக்கொண்டு, தன் கைப்பையிலிருந்து அதே மாதிரி ஓர் அவுன்ஸ் காசை மெதுவாக எடுத்தார்.

"இதையும் பார்க்க முடியுமா? என் மாமியார் கொடுத்தது."

அக்கா அதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். தராசு மூன்றுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. நல்ல வெள்ளி. அதிகாரி எங்கள் புகாருக்கு எண் போட்டுக் கொடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. உண்மையை எழுதி வைத்ததற்கு யாரும் வழக்குப் போடுவது அவ்வளவு சுலபமில்லை என்றும் சொன்னார்.

6

வழக்கு வரவில்லை. வந்தது ஒரு ஃபோன். சுங்கை ஊடாங்கில் இருக்கும் தம்புசாமி, எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கென்று அதே கடையில் பன்னிரண்டு காசு வாங்கி வைத்திருந்தார். அக்காவின் கருத்தைப் பார்த்து, தளத்திலேயே செய்தி அனுப்பி, நம்பரை வாங்கியிருக்கிறார். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"எல்லாத்தையும் தொங்க விட்டுட்டேம்மா. பன்னண்டும் மூணரை." குரல் உடைந்து போயிருந்தது. "என் பொஞ்சாதிகிட்ட இன்னும் சொல்லல."

"அண்ணே, பணத்தத் திருப்பிக் கேளுங்க. ஒடனே குடுத்துருவான். குடுத்தவொடனே சும்மா இருந்துடாதீங்க."

அவர் சும்மா இருக்கவில்லை. அவர் மூலமாக இரண்டு பேர், அவர்கள் மூலமாக இன்னும் சிலர். கடைசியில் பதினேழு பேர், ஒரே சனிக்கிழமை காலை, ஒரே படம் மாதிரிப் பதினேழு படத்தோடு புகார் கொடுத்தோம். அரசாங்கப் புகார் எண்ணையும் சேர்த்து. செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா திரையைக் காட்டினார். கடை இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. தம்புசாமிக்குப் பணம் முழுதும் வந்துவிட்டது. வீட்டம்மாவிடம் சொல்லியும்விட்டார், விழுந்த திட்டு இரண்டு நாள் ஓடியதாம். எங்கள் இருவருக்கும் ஒரு டப்பா அதிரசம் கொடுத்தனுப்பினார்.

7

இப்போது முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

அ) கடைக்காரன் பிடிபடுகிறான். கையில் விலங்கு. (யார், எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.)

ஆ) கடைக்காரன் அக்காவின் சொந்தக்காரன் என்று தெரியவருகிறது. (எழுதிக் காட்டினேன். "எங்க குடும்பத்த ஏன்லா இழுக்குற?" என்று கேட்டார்.)

இரண்டும் போனபின் மிஞ்சியது நடந்தது மட்டுமே. கடை வேறு பெயரில் திரும்ப வந்தது. அதே படங்கள், அதே செத்த ராஜா. இந்த முறை இரண்டே நாளில் தூக்கிவிட்டார்கள். அக்காவுக்கு இது ஒரு சனிக்கிழமை வேலையாகிவிட்டது. தேத்தண்ணி, பிஸ்கட், ஃபோன். உதட்டுக்குள் பழைய ஞானப்பாட்டு ஒன்று ஓடும். இவ்வளவு நிம்மதியாக ஒருவர் புகார் எழுதி நான் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை மட்டும் அவர் விரல் நின்றுவிட்டது.

ரெம்பியாவிலிருந்து பவானேஸ்வரி என்று ஒரு பெண். கடை திறந்து நான்கே நாள். இறந்துபோன அப்பாவின் பெட்டியில் இருந்ததாக 1920ஆம் வருஷத்து டாலர் காசு ஒன்பது. மங்கலான ஒரே படம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. போலிக் கடைக்குச் சொல்லும் அடையாளம் எல்லாம் பொருந்தியது.

"புகார அமுக்குங்க அக்கா," என்றேன்.

"ராஜா சரியான ராஜா. வருஷமும் சரி." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "போலியா இருக்கலாம். தெரியாத ஆளாவும் இருக்கலாம். நல்ல ஆளா இருந்து நான் அமுக்கிட்டா, நாலு நாள் கடை போயிரும்லா."

அமுக்கவில்லை. 'நேரில் வந்து பார்க்கலாமா? தராசு கொண்டுவருகிறேன்' என்று கேட்டு எழுதினார். கால் மணி நேரத்தில் முகவரியோடு பதில் வந்தது: வாங்க அக்கா, அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டில்தான் இருப்பேன்.

போலிக்காரர்கள் வீட்டு முகவரி தருவார்களா? தந்தால் அந்த முகவரி உண்மையா? எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வரை பொறுத்தால் தெரிந்துவிடும். பொறுக்கப் போவதில்லை. தெரிந்துவிட்டால் அதற்கேற்ற மாதிரி முன்னால் உள்ளதையெல்லாம் திருத்தி விடுவேன். என் கையை எனக்குத் தெரியும். கதையை இன்றே, வியாழக்கிழமையே, அனுப்புகிறேன். பத்து மணிக்கு அந்த வீட்டுக் கதவை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டு வைத்தேன்.

"நல்ல காசா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க? அந்த வெலைக்கு வாங்கிருவீங்களா?"

அக்கா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்தார்.

"சே. வெலைய ஏத்திப் போடச் சொல்லுவேன்."